படிவத்தைத் திருத்துங்கள், பாமரனைப் பழிக்காதீர்கள்!

"உங்க ஆளுங்க யாரும் வர்றதே இல்லையே பாய்!"

சமுதாயப் பணிக்காக நகராட்சி அலுவலகத்திலும் தாலுகா அலுவலகத்திலும் ஏறி இறங்கும் நம் இளைஞர்கள் அடிக்கடி கேட்டுச் சலித்துப்போன வார்த்தைகள் இவை. திட்டம் இருக்கிறது, படிவம் இருக்கிறது, கடைசித் தேதியும் அறிவித்தாகி விட்டது. விண்ணப்பிக்க வேண்டியவர்கள்தாம் வரவில்லை என்பது அதிகாரிகளின் வாதம்.

சரி, அங்கிருந்து திரும்பி நமது ஜமாஅத் கூட்டத்துக்கு வந்தால் இங்கும் அதே தீர்ப்புதான் காத்திருக்கிறது. "நம்ம சமுதாயத்துக்கு விழிப்புணர்வு இல்லை. எத்தனை தடவை சொன்னாலும் கேட்க மாட்டார்கள்" என்று பெரியவர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத அதிகாரியும் நமது பிரமுகரும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கைகோத்துக் கொள்கிறார்கள். குற்றவாளி ஏழைதான்! அவனுடைய அறியாமைதான்! அவனுடைய சோம்பல்தான்!

இந்தத் தீர்ப்பு சரியானதுதானா?

நம் வணிகப் பெருமக்களிடமே இதைக் கேட்டுப் பார்ப்போம். பஜாரில் கடை வைத்திருக்கிறீர்கள். வாடிக்கையாளர் வரவில்லை. நீங்கள் என்ன செய்வீர்கள்? "இந்த ஊர் மக்களுக்கு ஜவுளி வாங்கத் தெரியவில்லை" என்று ஊரைத் திட்டிக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருப்பீர்களா? மாட்டீர்கள். பலகை கண்ணில் படுகிறதா, படி உயரமாக இருக்கிறதா, சரக்கு கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா, கடைப் பையன் வந்தவரிடம் முகம் கொடுத்துப் பேசுகிறானா என்று உங்கள் கடையைத்தான் சோதிப்பீர்கள். வாடிக்கையாளரைக் குற்றம் சொல்லிப் பிழைத்த வியாபாரி உலகத்தில் இல்லை.

வியாபாரிக்குத் தெரிந்த இந்த உண்மையை அரசு அலுவலகங்களுக்கும் பொருத்திப் பார்க்கச் சொல்லும் ஓர் அறிவுத்துறை கடந்த பல ஆண்டுகளாக உலகில் வளர்ந்து வருகிறது. அதற்கு நடத்தை அறிவியல் என்று பெயர். மனிதன் எப்படி முடிவெடுக்க வேண்டும் என்று உபதேசம் செய்யாமல், உண்மையில் அவன் எப்படி முடிவெடுக்கிறான் என்று கவனிக்கும் துறை இது. டேனியல் கானமன் என்ற உளவியலாளருக்கு 2002லும், ரிச்சர்டு தாலர் என்ற பொருளாதார அறிஞருக்கு 2017லும் இத்துறைப் பணிகளுக்காகவே பொருளாதார நோபல் பரிசு வழங்கப்பட்டது. பிரிட்டிஷ் அரசு 2010இல் இதற்கென்றே கேபினட் அலுவலகத்தில் ஒரு குழுவை அமைத்தது. "உங்கள் பகுதியில் பெரும்பாலானவர்கள் உரிய காலத்தில் வரி கட்டிவிட்டார்கள்" என்ற ஒரு வரியைக் கடிதத்தில் சேர்த்ததும் வரி செலுத்துவோர் கூடினார்கள் என்பது அந்தக் குழுவின் புகழ்பெற்ற அனுபவம்.

வரி வசூல் இருக்கட்டும். ஏழைக்குச் சேர வேண்டியதைச் சேர்ப்பதில் இந்த அறிவு எப்படிப் பயன்பட்டது என்பதுதான் நமக்கு முக்கியம். அதற்கு நாம் லண்டனுக்குப் போக வேண்டியதில்லை. ஒரு முஸ்லிம் நகரமே நமக்குப் பாடம் சொல்கிறது.

தாஞ்சியர் தந்த பாடம்

மொராக்கோ நாட்டின் வடமுனையில், ஐரோப்பாவைப் பார்த்தபடி நிற்கும் துறைமுக நகரம் தாஞ்சியர். உலகம் சுற்றிய இப்னு பதூதா பிறந்த ஊர். அங்கே பல ஏழைக் குடும்பங்களின் வீட்டுக்குள் தண்ணீர்க் குழாய் இல்லை. தெருவிலுள்ள பொதுக்குழாயில் இலவசமாகத் தண்ணீர் பிடித்துச் சுமந்து வந்தார்கள். வீட்டு இணைப்புக்கு ஆகும் செலவை வட்டியில்லாக் கடனாகத் தருகிறோம், மூன்று முதல் ஏழு ஆண்டுகளில் தண்ணீர்க் கட்டணத்தோடு சேர்த்துத் தவணையில் கட்டினால் போதும் என்று ஒரு நல்ல திட்டம் அறிவிக்கப்பட்டது. வட்டி இல்லை, முஸ்லிம்கள் தயங்கக் காரணமே இல்லை. ஆனாலும் மக்கள் வரவில்லை!

நம் ஊராக இருந்தால் என்ன சொல்லியிருப்போம்? "விழிப்புணர்வு இல்லை" என்று கோப்பை மூடியிருப்போம். அங்கே ஆய்வாளர்கள் சிலர் வேறு விதமாக யோசித்தார்கள். ஒரு குடும்பம் இந்தக் கடனைப் பெற எத்தனை இடங்களுக்கு நடக்க வேண்டியிருக்கிறது என்று பார்த்தார்கள். அனுமதிக்காக உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போக வேண்டும். அதற்கான ஆவணங்களின் நகல்கள் வேண்டும். பிறகு குடிநீர் நிறுவனத்தின் கிளைக்குச் சென்று முன்பணம் கட்ட வேண்டும். அன்றாடம் உழைத்தால்தான் அடுப்பெரியும் என்ற வீட்டில் யார் இத்தனை படி ஏறுவது?

845 குடும்பங்களைத் தேர்ந்தெடுத்து, குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஏறக்குறைய ஒரு பாதிக்குத் திட்டம் இருந்தபடியே இருந்தது. மறுபாதியினரின் வீட்டுக்கே ஆட்கள் சென்று விளக்கினார்கள். ஆவணங்களை வீட்டு வாசலிலேயே நகல் எடுத்துக்கொண்டார்கள். முன்பணத்தையும் வீட்டிலேயே வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்தார்கள். கடன் அதே கடன். தவணை அதே தவணை. மாறியது நடையும் அலைச்சலும் மட்டும்தான்.

விளைவு என்ன தெரியுமா? ஆறு மாத காலத்தில் முதல் பிரிவில் இணைப்புப் பெற்றவர்கள் 10 சதவிகிதம். இரண்டாம் பிரிவில் 69 சதவிகிதம்!

இந்த இரு எண்களையும் நமது இளைஞர்கள் மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். அதே ஊர், அதே வறுமை, அதே கல்வியறிவு. முதல் பிரிவினர் சோம்பேறிகளாகவும் இரண்டாம் பிரிவினர் சுறுசுறுப்பானவர்களாகவும் பிறந்துவிடவில்லை. நூற்றில் அறுபது பேர் "ஆர்வமில்லாதவர்கள்" என்று முத்திரை குத்தப்பட இருந்தார்கள். அவர்களுக்கு ஆர்வம் இருந்தது, வழிதான் இல்லை.

2012இல் வெளியான இந்த ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. குழாய் வந்த பிறகு அந்தக் குடும்பங்களின் தண்ணீர்ச் செலவு இரண்டு மடங்குக்கும் மேல் கூடியது. பொதுக்குழாய்த் தண்ணீரும் சுத்தமாகவே இருந்ததால் நோய் ஒன்றும் பெரிதாகக் குறைந்துவிடவில்லை. ஆனாலும் மக்கள் நிம்மதியாக இருந்தார்கள். நேரம் மிச்சமானது. வீட்டுக்குள்ளும் அண்டை வீட்டாரோடும் தண்ணீரால் வந்த சண்டைகள் குறைந்தன. குடத்தோடு வரிசையில் நிற்கும் நம் தாய்மார்களுக்கு இந்த நிம்மதியின் மதிப்பை யாரும் விளக்கத் தேவையில்லை.

உமர் (ரலி) கேட்ட அழுகுரல்

இதையெல்லாம் மேற்கத்தியப் பல்கலைக்கழகங்கள்தான் கண்டுபிடித்தன என்று யாரும் எண்ண வேண்டாம். கலீஃபா உமர் (ரலி) அவர்களின் வரலாற்றைப் புரட்டிப் பாருங்கள்.

மதீனாவுக்கு வெளியூர் வணிகக் கூட்டம் ஒன்று வந்து தங்கியது. அன்றிரவு அவர்களுக்குக் காவலாக உமர் (ரலி) அவர்களும் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களும் விழித்திருந்தார்கள். ஒரு கைக்குழந்தை விடாமல் அழுதது. கலீஃபா அந்தத் தாயிடம் சென்று குழந்தையைக் கவனிக்குமாறு சொல்லித் திரும்பினார்கள். மீண்டும் அழுகை. மீண்டும் சென்றார்கள். மூன்றாவது முறை சற்றுக் கடிந்தே கேட்டார்கள். தம்மிடம் பேசுபவர் யார் என்று அறியாத அந்தப் பெண் உண்மையைச் சொல்லிவிட்டாள். பால்குடி மறந்த குழந்தைக்குத்தான் உமர் அரசு உதவித்தொகை தருகிறார். அதனால்தான் இந்தக் குழந்தைக்குப் பால் மறக்கடிக்கப் பார்க்கிறேன் என்றாள். குழந்தைக்கு வயது சில மாதங்களே ஆகியிருந்தன.

அன்று சுப்ஹுத் தொழுகையில் அழுகையின் மிகுதியால் உமர் (ரலி) அவர்கள் ஓதியது மக்களுக்குத் தெளிவாகக் கேட்கவில்லை என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. தொழுகை முடிந்ததும், தம்முடைய விதியால் எத்தனை குழந்தைகள் மாண்டனவோ என்று தம்மையே நொந்துகொண்டார்கள். பால் மறக்கடிக்க அவசரப்பட வேண்டாம், இனிப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் பிறந்ததிலிருந்தே உதவித்தொகை உண்டு என்று அறிவித்தார்கள். மாகாணங்களுக்கெல்லாம் அவ்வாறே எழுதி அனுப்பினார்கள்.

இந்த நிகழ்ச்சியை நாம் பயான்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். கலீஃபாவின் இறையச்சத்தை வியந்திருக்கிறோம். அதிலுள்ள ஆட்சிப் பாடத்தைக் கவனித்தோமா? ஒரு தாய் தன் குழந்தைக்குத் தீங்கு செய்வதைக் கண்ட கலீஃபா, "தாய்மார்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று பிரச்சாரக் கூட்டம் போடவில்லை. அந்தத் தாயைத் தண்டிக்கவில்லை. தாம் போட்ட விதிதான் அவளை அப்படி நடக்க வைத்தது என்று புரிந்துகொண்டார்கள். விதியைத் திருத்தினார்கள், நடத்தை மாற வழி பிறந்தது. அலுவலகத்தில் உட்கார்ந்து கோப்பைப் படித்திருந்தால் இந்த உண்மை கலீஃபாவுக்குத் தெரிந்திருக்காது. நள்ளிரவில் வெளியே நின்று, மூன்று முறை நடந்து சென்று கேட்டதால்தான் தெரிந்தது.

யமனுக்கு ஆட்சிப் பொறுப்பேற்றுச் சென்ற முஆத் (ரலி), அபூ மூஸா (ரலி) ஆகிய இரு தோழர்களுக்கும், மக்களுக்குக் காரியங்களை எளிதாக்க வேண்டும், கடினமாக்கக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். இன்று தாலரும் அவருடைய சகாக்களும் மக்கள் தங்கள் உரிமையைப் பெறவிடாமல் வழியில் கிடக்கும் வெட்டி நடைமுறைகளுக்குச் 'சேறு' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தச் சேற்றை அகற்றுவது ஆட்சியாளரின் கடமை என்பது நமக்குப் புதிய பாடமல்ல.

கரும்புத் தோட்டத்தில் நடந்த சோதனை

"படிவத்தைக்கூட ஒழுங்காக நிரப்பத் தெரியவில்லை" என்று கவுண்டரில் எரிந்து விழுகிறார்களே, அதற்கும் ஒரு பதில் இருக்கிறது. அது நம் தமிழ்நாட்டின் கரும்பு விவசாயிகளிடமிருந்தே கிடைத்த பதில்.

கரும்பு விவசாயிக்குப் பணம் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறை, அறுவடைக்குப் பிறகுதான் கைக்கு வரும். அறுவடைக்கு முந்தைய மாதங்களில் கடனும் அடகுமாகக் காலம் கழியும். தமிழக கிராமங்களில் 464 விவசாயிகளை ஆய்வாளர்கள் அறுவடைக்கு முன்பும் பின்பும் சந்தித்து, சிந்தனைத் திறனை அளக்கும் சோதனைகளைக் கொடுத்தார்கள். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்டோர் நடத்திய இந்த ஆய்வு 2013இல் 'சயன்ஸ்' இதழில் வெளியானது. அதே மனிதர், அதே மூளை. ஆனால் பணமுடை இருந்த காலத்தில் அவர் பெற்ற மதிப்பெண் குறைவாகவும், பணம் கைக்கு வந்த பிறகு அதிகமாகவும் இருந்தது.

இதன் பொருள் என்ன? ஏழைக்கு அறிவு குறைவு என்பதல்ல. கவலை அவனுடைய மனத்தில் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மிச்சமுள்ள இடத்தில்தான் அவன் நமது படிவத்தைப் படிக்கிறான். வணிகர்களே, நாளைக் காலையில் உங்கள் காசோலை வங்கிக்கு வரப்போகிறது, கணக்கில் பணம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரவில் பன்னிரண்டு பக்கப் படிவத்தை உங்களிடம் நீட்டினால் பிழையில்லாமல் நிரப்புவீர்களா? உங்களுக்கு ஆண்டில் சில இரவுகள் அப்படி; அவனுக்கு ஆண்டு முழுதும் அப்படி.

இங்கே நம் சமுதாயத்துக்கென்று ஒரு தனிச் சுமையும் உண்டு. நம் பெயர்கள் அரபுப் பெயர்கள். முஹம்மது, முகமது, மொஹமத் என்று தமிழிலேயே மூன்று விதமாக எழுதுகிறோம். ஆங்கிலத்தில் கேட்கவே வேண்டாம். ஆதாரில் ஒரு விதம், குடும்ப அட்டையில் ஒரு விதம், பள்ளி மாற்றுச் சான்றிதழில் இன்னொரு விதம். எழுதியவர் யாரோ ஓர் ஊழியர், அலைபவர் பெயருக்குரியவர். ஓர் எழுத்து வித்தியாசத்துக்காக விண்ணப்பம் திரும்பி வருகிறது. திருத்தப் போனால் அதற்கொரு படிவம், அதற்கொரு சான்று, அதற்கொரு நாள் கூலி இழப்பு. இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்டவர் மூன்றாவது முறை வரமாட்டார். பதிவேட்டில் அவர் "விண்ணப்பிக்காதவர்" ஆகிவிடுவார்.

இது சின்ன விஷயமல்ல. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தில் 2023இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி, அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம், திருமணப் பதிவு, அரசு வேலை ஆகிய எல்லாவற்றுக்கும் பிறந்த தேதியையும் இடத்தையும் காட்டும் ஆவணம் பிறப்புச் சான்றிதழே. இன்று தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் சான்றிதழில் விழும் ஒரு பிழை, நாளை அதன் பள்ளிக்கூட வாசலிலும் வாக்குச்சாவடி வாசலிலும் வந்து நிற்கும்.

சொல்வது மட்டும் போதாது

நமது பங்கில் உள்ள குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஜும்ஆவில் அறிவிப்புச் செய்கிறோம், நோட்டீஸ் அடிக்கிறோம், விழிப்புணர்வுக் கூட்டம் நடத்துகிறோம். அத்தோடு கடமை முடிந்ததாகக் கருதுகிறோம்.

அமெரிக்காவில் ஏழை மாணவர்களுக்கான கல்வி உதவிப் படிவம் மிகவும் சிக்கலானதாக இருந்தது. அதைப் பற்றி ஒரு சோதனை நடந்தது. வருமான வரிக் கணக்கு எழுத வந்த குடும்பங்களில் ஒரு பிரிவினருக்கு, உங்கள் பிள்ளைக்கு எவ்வளவு உதவி கிடைக்கும் என்ற தகவல் மட்டும் தரப்பட்டது. இன்னொரு பிரிவினருக்கு, அதே மேசையில் உட்கார வைத்து, கையில் இருந்த வருமான விவரங்களைக் கொண்டே படிவத்தையும் நிரப்பிக் கொடுத்தார்கள். படிவம் நிரப்பிக் கொடுக்கப்பட்ட குடும்பங்களில், கல்லூரியில் இரண்டாண்டு முடித்த பிள்ளைகள் 28 சதவிகிதத்திலிருந்து 36 சதவிகிதமாக உயர்ந்தார்கள். தகவல் மட்டும் பெற்ற பிரிவில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை!

நூறு பயான்களைவிட ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் பேனாவோடு ஓர் இளைஞரும் அதிகம் சாதிக்க முடியும் என்பதே இதன் கருத்து.

நம் நாட்டிலேயே, ராஜஸ்தானின் உதய்பூர் மாவட்டத்தில் நடந்ததையும் பாருங்கள். அங்கே குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவோர் மிகக் குறைவு. மக்களின் மூடநம்பிக்கைதான் காரணம் என்று சொல்வது எளிது. போய்ப் பார்த்தால், அம்மாவட்டத்தின் துணை சுகாதார நிலையங்களில் 45 சதவிகித ஊழியர்கள் பணி நேரத்தில் இல்லை! பல மைல் நடந்து வந்த தாய், பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிப் போனால் மறுபடி வருவாளா? 134 கிராமங்களில் சோதனை நடந்தது. எதுவும் செய்யாத கிராமங்களில் எல்லாத் தடுப்பூசியும் போட்ட குழந்தைகள் 6 சதவிகிதம். மாதந்தோறும் தவறாமல் முகாம் நடந்த கிராமங்களில் 18 சதவிகிதம். முகாமோடு ஒவ்வோர் ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பும், முழுதும் முடித்தால் சாப்பாட்டுத் தட்டுகளும் கொடுத்த கிராமங்களில் 39 சதவிகிதம். 2019இல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் பங்கேற்ற ஆய்வு இது. சொன்ன நாளில் கதவு திறந்திருந்தாலே மூன்று மடங்கு பேர் வருகிறார்கள் என்பதை உள்ளாட்சி அலுவலகங்கள் சுவரில் எழுதி வைக்கலாம்.

ஏமாந்து விடக்கூடாது

எனினும் இந்த அறிவியலை மந்திரக்கோல் என்று நம்பிவிடக் கூடாது. மூன்று எச்சரிக்கைகளை இங்கே பதிவு செய்கிறோம்.

முதலாவது, கடித வாசகத்தை மாற்றுவதால் கிடைக்கும் பலன் பெரும்பாலும் சிறியது. அமெரிக்காவில் அரசு சார்பில் நடந்த இத்தகைய 126 சோதனைகளை ஒன்றாக எடைபோட்ட ஆய்வு ஒன்று 2022இல் வெளியானது. அதன்படி சராசரிப் பலன் 1.4 சதவிகிதப் புள்ளிகள்தான். ஆய்விதழ்களில் வெளியான சோதனைகளில் காணப்பட்டதோ 8.7. அது மட்டுமல்ல, 30 அமெரிக்க நகரங்களில் நடந்த 73 சோதனைகளில் புதிய முறையை அந்நகரங்கள் பிறகு நடைமுறைக்குக் கொண்டுவந்தது 27 சதவிகிதம் மட்டுமே. படிவத்தின் மேற்பகுதியில் கையெழுத்து வாங்கினால் மக்கள் உண்மையை எழுதுவார்கள் என்று 2012இல் சொன்ன ஒரு புகழ்பெற்ற ஆய்வு, அதன் தரவே போலி என்று தெரிந்து 2021இல் திரும்பப் பெறப்பட்டது. நேர்மையைப் பற்றிய ஆய்விலேயே நேர்மை இல்லை! ஆகவே வாசகத்தை அழகுபடுத்துவதோடு நின்றுவிட அனுமதிக்கக் கூடாது. தாஞ்சியரில் நடந்ததுபோல் நடையைக் குறைப்பதுதான் கேட்க வேண்டிய கோரிக்கை.

இரண்டாவது, பணத்துக்குப் பதிலாக இதைக் காட்டி ஏமாற்ற இடம் தரக்கூடாது. ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான சிறுபான்மை மாணவர்களுக்கு வழங்கிவந்த கல்வி உதவித்தொகையை மத்திய அரசு 2022இல் நிறுத்தியது. அதே ஆண்டு டிசம்பரில் மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகையையும் நிறுத்துவதாக நாடாளுமன்றத்தில் அறிவித்தது. இல்லாத உதவித்தொகைக்கு எவ்வளவு எளிதான படிவம் தந்து என்ன பயன்? உரிமைக்கான போராட்டம் ஒரு கை. வழியைச் சீராக்கும் பணி மறு கை. இரண்டு கையும் வேண்டும்.

மூன்றாவது, மனிதனை மெல்லத் தூண்டுவது வேறு, அவமானப்படுத்துவது வேறு. தூய்மை இந்தியா இயக்கத்தின்போது, திறந்த வெளிக்கு ஒதுங்கியவர்களைப் படம் பிடித்து நாணச் செய்வதையும் ஓர் "உத்தி" என்றே பல இடங்களில் கையாண்டார்கள். 2017 ஜூனில் ராஜஸ்தானின் பிரதாப்கர் நகரில், அப்படிப் பெண்களைப் படமெடுத்ததாகக் கூறப்பட்ட நகராட்சி ஊழியர்களைத் தட்டிக்கேட்ட ஒரு முஸ்லிம் சகோதரர் உயிரிழந்தார். அடித்துக் கொன்றார்கள் என்றது குடும்பம். மாரடைப்பு என்றது போலீஸ். கழிப்பறையும் தண்ணீரும் தர வேண்டிய நகராட்சி, கேமராவோடு போய் நிற்கலாமா? மானத்தை விலையாகக் கேட்கும் எந்த உத்தியும் அறிவியலும் அல்ல, ஆட்சியும் அல்ல.

நமது கோரிக்கை

சென்னை மாநகராட்சியில் அரையாண்டின் முதல் 30 நாட்களுக்குள் சொத்து வரி கட்டினால் 5 சதவிகிதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை உண்டு. கடைக்காரர்கள் அறிவார்கள். கைப்பேசியில் நினைவூட்டலும் வருகிறது. மனிதனுக்குச் சலுகை காட்டினால் விரைவில் வருவான், நினைவூட்டினால் மறக்க மாட்டான் என்பது உள்ளாட்சிகளுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. வசூலிக்கும்போது தெரிகிற மனித மனம், வழங்கும்போது மட்டும் மறந்து போவது ஏன்?

எனவே நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி நிர்வாகங்களிடம் நாம் கேட்பது இவைதாம். வரி கட்டச் சொல்லி அனுப்பும் அதே கைப்பேசிச் செய்தியை, உதவி பெறச் சொல்லியும் பெயரிட்டு அனுப்புங்கள். அரசிடம் ஏற்கெனவே உள்ள ஆவணத்தை மக்களிடம் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். விண்ணப்பத்தைத் திருப்புவதானால் எல்லாக் குறைகளையும் ஒரே தடவையில் தமிழில் எழுதிக் கொடுங்கள். அரபுப் பெயர்களின் எழுத்து வேறுபாட்டை வார்டிலேயே ஒரே நாளில் சரிசெய்யும் முகாம்களை நடத்துங்கள். தினக்கூலிக்காரர் வரக்கூடிய மாலை நேரத்தில் வாரம் ஒருநாளாவது கவுண்டரைத் திறந்து வையுங்கள். இவற்றில் எதற்கும் கோடிகள் தேவையில்லை, மனம்தான் தேவை.

நம் சமுதாயத்தைச் சேர்ந்த கவுன்சிலர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் "எத்தனை பேர் பயனடைந்தார்கள்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எத்தனை பேர் பாதியில் நின்றார்கள், எந்தப் படியில் நின்றார்கள்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலில்தான் வேலை இருக்கிறது.

அன்பு இளைஞர்களே! இந்த மாதமே உங்கள் மஹல்லாவில் ஒரு காரியம் செய்யுங்கள். ஏதேனும் ஒரு சான்றிதழை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்காக அலையும் ஒரு தாயோடு முதலிலிருந்து கடைசி வரை கூடவே செல்லுங்கள். எத்தனை கவுண்டர், எத்தனை நகல், எத்தனை நாள், எவ்வளவு பஸ் செலவு, எவ்வளவு கூலி இழப்பு என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாள்தான் அதிகாரியின் மேசையில் வைக்க வேண்டிய மனு. கோஷத்தைவிட அந்தக் கணக்கு உரக்கப் பேசும்.

ஒவ்வொரு பள்ளிவாசலிலும் ஜும்ஆவுக்குப் பின் ஒரு மணி நேரம் ஒரு மேசை போடுங்கள். குழந்தை பிறந்த வீடுகளின் பட்டியலை வைத்துக்கொண்டு, 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்தார்களா, பெயர் வைத்த பின் சான்றிதழில் சேர்த்தார்களா, எழுத்து சரியா என்று நீங்களே போய்க் கேளுங்கள். மாற்று மதச் சகோதரர்கள் வந்தாலும் அதே மேசையில் அதே முகத்தோடு எழுதிக் கொடுங்கள்.

வணிகப் பெருமக்களே! அந்த மேசைக்கு ஒரு நகல் எடுக்கும் கருவி வாங்கித் தாருங்கள். உங்கள் கடையில் வேலை செய்யும் பையனுக்கு, பெண்ணுக்கு, அரசு அலுவலகம் செல்லக் கூலி பிடிக்காமல் அரைநாள் விடுப்புத் தாருங்கள். பல குடும்பங்கள் உரிமையை இழப்பது அந்த அரைநாள் கூலிக்குப் பயந்துதான்.

இனி எவரேனும் "உங்க ஆளுங்க வர்றதே இல்லை பாய்" என்று சொன்னால் தலை குனிந்து நிற்க வேண்டாம். "ஐயா, அவர்கள் ஏன் வரவில்லை என்று கூடவே நடந்து பார்த்து எழுதி வந்திருக்கிறோம், இதோ கணக்கு" என்று மரியாதையோடு எடுத்து நீட்டுங்கள்.

அழுகுரல் கேட்டதும் எழுந்து நடந்த உமர் (ரலி) அவர்களின் வழியில், மக்களின் சிரமத்தைக் காதால் கேட்டு, காலால் நடந்து, கையால் அகற்றும் நல்வாய்ப்பை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்கி அருள்வானாக! ஆமீன்.